எதிரி கையில் ஹெல்மெட்

ஆர்டிஸ் ஹோல்ம் தன் வாழ்நாளில் ஒரே ஒரு ஆளைத்தான் அடித்திருக்கிறாள். அந்த ஒரே குத்தில் அவனுடைய முன்பல் இரண்டும் போயின. இரண்டு பல் போதாது என்பது என் கட்சி. நான் ஆல்டர் க்ரீக் கல்லூரி அணியின் பஸ் ஓட்டுகிறவன், பெயர் வாசெக். நடுநிலையாகச் சொல்கிற ஆள் வேண்டுமென்றால் வேறு யாரையாவது போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் கதையைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வராமல் இருக்காது.

ஆர்டிஸ் டாக்டர் இல்லை. புட்பால் அணியில் அடிபட்டவர்களைப் பார்ப்பது அவள் வேலை. முப்பத்தொரு வருஷம் பார்த்தாள். அமெரிக்காவின் நடுவில் இருக்கிற எங்கள் நெப்ராஸ்காவில் புட்பால் என்றால் பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். பந்தோடு ஓடுகிறவனை இடித்துத் தரையில் சாய்க்க வேண்டும், ஆட்டம் அவ்வளவுதான். நூற்றுப்பத்து கிலோ ஆள் முழு வேகத்தில் வந்து இன்னொரு நூற்றுப்பத்து கிலோ ஆளை இடிப்பான். அந்தச் சத்தம் பஸ் நிறுத்துகிற இடம் வரைக்கும் கேட்கும். இடி வாங்கினவன் ஓரத்துக்கு வந்தால் அங்கே ஆர்டிஸ் நிற்பாள். நழுவின தோளைத் தன் முழங்காலை முட்டுக் கொடுத்து உள்ளே தள்ளுவாள். உடைந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டுவாள். பால்பண்ணையில் வளர்ந்தவள், கன்று பசுவின் வயிற்றில் மாட்டிக்கொண்டால் உள்ளே விட்டு இழுத்த கை அது. பையன்கள் கத்தினால், "கத்து, நல்லா கத்து, அந்தப் பக்கத்துக்காரன் சந்தோஷப்படட்டும்" என்பாள்.

அந்தப் பக்கத்துக்காரன் என்றால் கிம்பர். முப்பத்தெட்டு மைல் தள்ளி இருக்கிற ஊர், அங்கேயும் ஒரு கல்லூரி. கிம்பர்காரர்களை எங்களுக்கு ஆகாது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு கிம்பர்காரன் மண்டையில் பில்லியர்ட்ஸ் கோலை உடைத்தேன். பிறகு அவன் என் தங்கையைக் கட்டிக்கொண்டான். இன்னொரு கோலும் உடைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் தோன்றும்.

வருஷத்துக்கு ஒருமுறை அக்டோபரில் அந்த ஆட்டம் நடக்கும். ஆள்மேல் ஆள் விழுந்து குவியலாகக் கிடக்கும்போது அடியில் என்ன நடக்கிறது என்று நடுவருக்குத் தெரியாது. கண்ணில் விரல் விடுவார்கள், கெண்டைக்காலைக் கடிப்பார்கள். ஒரு வருஷம் எங்கள் பையன் காதில் ஒரு துண்டைக் கிம்பர்காரன் கடித்துத் துப்பிவிட்டான். ஆர்டிஸ் மண்டியிட்டுப் புல்லில் தேடி அந்தத் துண்டை எடுத்தாள். காகிதக் கோப்பையில் ஐஸ் போட்டு, அதில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். தைத்த காது கொஞ்சம் கோணல், ஆனால் கேட்கிறது.

இத்தனை ரத்தத்துக்கு நடுவிலும் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தலையில் அடி வாங்கினவனிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒருத்தனும் உண்மை சொல்ல மாட்டான். வாந்தி எடுத்துக்கொண்டே "நல்லாருக்கேன்" என்பான். அதனால் அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கிவிட வேண்டும். ஹெல்மெட் இல்லாதவனை நடுவர் உள்ளே விட மாட்டார். ஒவ்வொரு ஹெல்மெட்டும் அவனவன் தலை அளவுக்குக் காற்றடைத்துப் பொருத்தினது, இன்னொருத்தனுடையதை மாட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. ஆனால் பிடுங்கினதை எங்கே ஒளித்தாலும் கோச் தேடி எடுத்துவிடுவான். என் அப்பா காலத்தில் கிம்பர் கோச் அப்படித்தான் காயம் பார்க்கிறவன் கையிலிருந்து பறித்து ஒரு பையனைத் திரும்ப அனுப்பினான். அந்தப் பையன் இரண்டு காதிலும் ரத்தம் வழிய மைதானத்திலேயே செத்தான். அடுத்த வருஷம் அதே காயம் பார்க்கிற ஆள், அடிபட்ட இன்னொருத்தன் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே நடந்து, எங்கள் ஆள் கையில் கொடுத்தான். "ஆட்டம் முடியற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்காதே. நான் கேட்டாலும் குடுக்காதே" என்றான்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். சொந்தக் கோச் மிரட்டினால் பயப்படலாம், எதிரிக்கு என்ன பயம்? ஹெல்மெட் குறுக்கே போகும்போது இரண்டு பக்கத்து ஜனமும் எழுந்து நிற்கும். நாலாயிரம் பேர் பார்க்க, எதிரியிடம் போய்க் கெஞ்சி வாங்கி வருகிற அளவுக்கு முகத்தோல் தடித்த கோச் எங்கள் பக்கத்தில் யாரும் பிறக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சில்லி என்கிற மாட்டுக்கறிக் காரக் குழம்பும், லவங்கப்பட்டை போட்ட பட்டை பன்னும் சாப்பிடுவோம். சில்லியோடு இனிப்பு பன்னா என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அப்போதுதான் ஹெல்மெட் திரும்பி வரும், உள்ளே ஒரு பன்னோடு. எந்தப் புத்தகத்திலும் இது எழுதி இல்லை. யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதும் இல்லை.

கிம்பரில் ஆர்டிஸுடைய வேலையைப் பார்த்தவன் கஸ் ஹின்ரிக்ஸ். ஒல்லியான ஆள். புகையிலையை அடக்கிக்கொண்டு எப்போதும் ஒரு கோப்பையில் துப்பிக்கொண்டிருப்பான். இருபத்தாறு வருஷம் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. பேச்செல்லாம் ஹெல்மெட் கை மாறுகிற அந்த அரை நிமிஷம்தான்.

"இந்தா, பிடி" என்பாள் ஆர்டிஸ்.

"இவனுக்கு மூளை இருக்கான்னு பாத்தியா?"

"கொஞ்சமா இருந்துச்சு. உங்க தடியன் தட்டி விட்டுட்டான்."

"தேடிப் பாக்கச் சொல்றேன். கிடைச்சா பன்னோட வச்சுக் குடுத்துர்றேன்."

பிறகுதான் ஏணி வந்தது.

எழுபது கல்லூரிகள் சேர்ந்து போட்ட திட்டம். இனிமேல் பக்கத்து ஊர், பக்கத்து மாநிலம் என்று குழு சேர்ப்பது கிடையாது. ஜெயிக்கிறவர்கள் ஒரு படி, தோற்கிறவர்கள் ஒரு படி, மொத்தம் ஐந்து படி. வருஷக் கடைசியில் மேலே இருப்பவர்கள் ஏறுவார்கள், கீழே இருப்பவர்கள் இறங்குவார்கள். எங்கள் போதாத காலம், அதற்கு முன்னால் மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்திருந்தோம். இரண்டாம் படியில் தூக்கி வைத்தார்கள். கிம்பர் கடைசிப் படி.

கல்லூரித் தலைவர் கூடத்தில் கூட்டம் போட்டு, "பக்கத்து ஊருங்கறதுக்காக ஒருத்தனோட ஆடறது பழைய காலம். நம்ம தகுதிக்கு ஏத்தவங்களோட ஆடுவோம்" என்றார். கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். "ஐயா, அந்தத் தகுதி எத்தனை மைல் தள்ளி இருக்கு?"

"வாசெக், தூரத்தப் பத்தி இனிமே பேச வேணாம். இனி உயரம்தான்."

"சரிங்க. ஆனா என் பஸ் ரோட்டுலதான் ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த காகிதத்தில் எதிரணிகளின் ஆட்கள் எடையைப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் முன்வரிசைப் பையன்களைவிட அவர்களுடைய முன்வரிசை ஆளுக்கு இருபது கிலோ கூடுதல். "வாசெக், கட்டுப் போடற டேப் ரெண்டு மடங்கு வாங்கணும்" என்றாள்.

அந்தப் பருவத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அர்க்கன்சாஸ், லூசியானா, டெக்சஸ் என்று எழுநூறு மைல், எண்ணூறு மைல் ஓட்டினேன். அங்கே காத்திருந்தவர்கள் ஆட்களா, காளைகளா தெரியவில்லை. முதல் ஆட்டத்தில் ஒரு பையனுக்குத் தாடை இரண்டாக உடைந்தது. இரண்டாவதில் முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. நாலாவதில் விலா எலும்பு குத்தி ஒருத்தன் பஸ்ஸிலேயே ரத்தம் கக்கினான். திரும்பி வந்ததும் பஸ் தரையைக் குழாய் வைத்துக் கழுவுவேன், சிவப்பாகத் தண்ணீர் ஓடும். "வாசெக், இது பஸ்ஸா ஆம்புலன்ஸா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். "ஆம்புலன்ஸ்னா சைரன் இருக்கும்டா, உங்க முனகல்தான் இருக்கு" என்றேன். சிரிக்கப் போய் விலா வலித்து அழுதான்.

எங்கள் கோச் ரக்கர் மட்டும் தளரவில்லை. அவனுக்கு அந்த ஏணியில் தனக்கென்று ஒரு படி தெரிந்துவிட்டது. இரண்டாம் படியில் நிலைத்தால் பெரிய கல்லூரி ஏதாவது கூப்பிடும். கடைசி ஆட்டம் வரும்போது கணக்கு எளிது: ஜெயித்தால் இருப்போம், தோற்றால் இறங்குவோம்.

அந்த ஆட்டம் டெக்சஸில். எங்கள் தடுப்பு வரிசையின் உயிர் டேன் நோவோட்னி, நாற்பத்துநாலாம் நம்பர், இருபத்தொரு வயது. ஊருக்கு ஆறு மைல் வெளியே அவனும் அவன் அம்மா ஐரீனும் பன்றிப் பண்ணை வைத்திருந்தார்கள். கிம்பர் ஆட்டத்துக்குக் கூடத்தில் பட்டை பன் சுடுகிறவள் ஐரீன்தான். பஸ்ஸில் டேன் எப்போதும் எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து, "வாசெக், அந்த லாரிய முந்த மாட்டியா, எங்க பன்னிகூட வேகமா போகும்" என்று சீண்டுவான். அவன் இல்லாத அந்தச் சீட்டைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பு இல்லை.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் டேன் ஒருத்தனைத் தடுக்கப் போக, பக்கவாட்டிலிருந்து வந்த இன்னொருத்தனுடைய ஹெல்மெட் அவன் காதோரத்தில் இடித்தது. அந்த இடி பஸ் படியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. எழுந்தான். எழுந்து எதிரணியின் கும்பலுக்குள் போய்க் குனிந்து நின்றான். தன் ஆட்கள் யார் என்று தெரியவில்லை. ஆர்டிஸ் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"டேன், இது எந்த ஊரு?"

"கிம்பர்தான? எனக்கு ஒண்ணுமில்ல. அம்மா பன் சுட்டுக் கொண்டாந்துட்டாங்களா?"

அவள் அவன் தாடைக்குக் கீழே இருந்த வாரை அவிழ்த்து ஹெல்மெட்டை எடுத்தாள். அவனைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். பிறகு முப்பது வருஷமாகச் செய்ததைச் செய்தாள். அடுத்த இடைவேளையில் மைதானத்தின் குறுக்கே நடந்து போனாள். யாரும் எழுந்து நிற்கவில்லை. யாரோ ஒரு பொம்பளை எதையோ எடுத்துக்கொண்டு போகிறாள் என்று பார்த்தார்கள். அந்தப் பக்கம் காயம் பார்க்கிற பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட இருக்காது.

"இத வச்சுக்கம்மா" என்றாள் ஆர்டிஸ்.

"சரிங்க மேடம்" என்றாள் அந்தப் பெண், மரியாதையாக.

ஆர்டிஸ் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெல்மெட்டை நீட்டினால் போதும், வாங்குகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவள் கைக்குப் பழகிப்போயிருந்தது. எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அந்தத் தப்பைத்தான் செய்திருப்போம், நானும்தான்.

அவள் திரும்பி வருவதற்குள் இன்னொருத்தனுக்கு முன்கை உடைந்து எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவனைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அந்தப் பெண் எங்கள் பக்கம் வந்தாள். பாவம், நல்ல மனசோடுதான் வந்தாள். ஹெல்மெட்டை ரக்கரிடம் நீட்டி, "உங்க ஆளு இத எங்ககிட்ட விட்டுட்டு வந்துட்டாங்க சார்" என்றாள்.

ரக்கர் அதை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனான். அவனுக்கு வழக்கம் தெரியும். எங்களோடு எட்டு வருஷம் கூடத்தில் உட்கார்ந்து பன் தின்றவன். தெரிந்தேதான் போனான்.

"தலை எப்படிடா இருக்கு?"

"நல்லாருக்கு கோச்."

"ரெண்டு நிமிஷம்தான் பாக்கி. நீ இல்லாட்டி போச்சு."

"மாட்டுங்க கோச்" என்று தலையைக் குனிந்து கொடுத்தானாம் டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் என்னிடம் சொன்னது இது.

ஆர்டிஸ் ரத்தக் கையோடு கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. பந்தோடு தாண்டினால் அவர்கள் ஜெயிக்கிற எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் அவர்களுடைய ஆள் பந்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு பாய்ந்தான். டேன் எதிரே பாய்ந்தான். இரண்டு தலையும் அந்தரத்தில் மோதின. பந்து தெறித்து விழுந்தது, நாங்கள் ஜெயித்தோம். எங்கள் பையன்கள் ஓடிவந்து ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுந்து குதித்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் டேன் கிடந்தான். ஆர்டிஸ் ஒவ்வொரு ஆளையும் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து வீசினாள். "எழுந்திருங்கடா, எழுந்திருங்கடா!" என்று அவள் அலறினதைக் கொண்டாட்டம் என்று நினைத்துச் சிலர் அவளைக் கட்டிப்பிடித்தார்கள்.

கடைசி ஆள் விலகினபோது டேனுடைய ஒரு கண் விரிந்தும் ஒரு கண் சுருங்கியும் இருந்தது. கை விறைத்து உள்பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. அவனை ஏற்றின பிறகு ஆர்டிஸ் எழுந்தாள், ரக்கரிடம் நடந்தாள், குத்தினாள். பல் இரண்டும் அவன் விசிலோடு புல்லில் விழுந்தன. டெலிவிஷனில் அதைக் காட்டவில்லை, ஜெயித்த ஆட்டத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

டேன் இரண்டு நாள் கழித்துச் செத்தான்.

கல்லறையில் ஐரீன் ஆர்டிஸ் முன்னால் வந்து நின்றாள். "அத ஏன்டி உன் கையிலயே வச்சுக்கல?" என்று கேட்டாள். ஐரீன் திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு கடையில் பார்த்தாலும் வேறு பக்கம் போய்விடுவாள். ஆஸ்பத்திரியில் பையில் போட்டுக் கொடுத்த அந்த ஹெல்மெட் ஆர்டிஸ் வீட்டுச் சமையலறையில், ரொட்டி டப்பா பக்கத்தில் குளிர்காலம் முழுக்க இருந்தது. ஒருநாள் போயிருந்தபோது, "இத ஏன் இங்க வச்சிருக்க?" என்றேன். "வேற எங்க வைக்கட்டும் சொல்லு" என்றாள்.

அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கினால் வாயைத் திறப்பாள் என்று வக்கீல் சொன்னாராம். ரக்கர் புதுப் பல் கட்டிக்கொண்டு வந்தான். தனக்கு ஒன்றுமே தெரியாது, பையன் நன்றாக இருப்பதாகச் சொன்னான் என்று எழுதிக் கொடுத்தான். விஷயம் அத்தோடு முடிந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் அல்லவா, இரண்டாம் படியிலேயே இருந்தோம்.

செப்டம்பரில் புதுப் பருவம். முதல் ஆட்டம் எங்கள் ஊரில், பகல் ஒரு மணிக்கு. அன்று காலை எட்டு மணிக்கு ஆர்டிஸ் சாமான் அறையைத் திறந்தாள். அலமாரியில் வரிசையாக அறுபத்தொரு ஹெல்மெட். ஒவ்வொன்றின் பின்பக்கமும் 44 என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சுவரில் பெரிதாக, 'டேனுக்காக ஆடுவோம்' என்று எழுதியிருந்தது. நான் பஸ்ஸில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் பெரிய பெரிய வலைப்பைகள்.

"வாசெக், சாவி இருக்கா?"

"இருக்கு. எங்க?"

"கிம்பர்."

பைகளைப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன். "ஆர்டிஸ், இது திருட்டு."

"தெரியும். ரூல் புத்தகத்த குளிர்காலம் பூரா படிச்சேன். ஒரு ஆட்டத்துக்கு வராம விட்டா நேரா கடைசிப் படி. இந்த அறுபத்தோரு பேரும் உசுரோட இருப்பானுங்க. வரியா, இல்ல என் பிக்கப் வண்டில ரெண்டு தடவையா போகட்டுமா?"

முப்பத்தெட்டு மைல், நாற்பது நிமிஷத்தில் போனோம். வழியில் அவள் மடியில் ஒரு ஹெல்மெட் மட்டும் தனியாக இருந்தது. அதில் ஸ்டிக்கர் இல்லை.

கஸ் அவனுடைய அறையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தான். வாசலில் ஆர்டிஸைப் பார்த்ததும் கோப்பையில் துப்பினான். இரண்டு வருஷமாக ஒருவரையொருவர் பார்த்திருக்கவில்லை.

"ஆட்டம் முடியற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்காதே" என்றாள் ஆர்டிஸ். "நான் கேட்டாலும்."

கஸ் பைகளை எண்ணினான். "எத்தனை தலை?"

"அறுபத்திரெண்டு."

அவன் அந்த அறுபத்திரெண்டாவதைப் பார்த்தான். எல்லாவற்றையும் கம்பிக்கதவு போட்ட அறையில் வைத்துப் பூட்டினான். சாவியைக் காலுறைக்குள் போட்டான். கதவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

பதினொன்றரைக்கு ரக்கர் வந்தான், கூட இரண்டு உதவிக் கோச்சுகள். கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"திற."

"இன்னும் ஆட்டம் முடியலியே" என்றான் கஸ்.

"ஆரம்பிக்கவே இல்லடா, கிழட்டு நாயே!"

"அப்ப இன்னும் நேரம் இருக்கு."

ரக்கர் அவன் மூக்கில் குத்தினான். கோழி எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கஸ் ஸ்டூலோடு சாய்ந்தான். அறுபத்திரண்டு வயது ஆள். சுவரைப் பிடித்து எழுந்து, ஸ்டூலை நிமிர்த்தி, மறுபடியும் உட்கார்ந்தான். ரக்கர் மறுபடியும் குத்தினான். இந்தத் தடவை உதடு கிழிந்தது. மறுபடியும் எழுந்து உட்கார்ந்தான். அவன் சட்டை முழுக்க ரத்தமும் புகையிலைச் சாறும். ஆர்டிஸ் குறுக்கே பாய்ந்தபோது உதவிக் கோச் ஒருத்தன் அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். நான் பஸ்ஸிலிருந்து கொண்டுவந்திருந்த வீல் ஸ்பேனரால் அவன் முழங்காலில் ஒன்று போட்டேன். அதற்காக வருத்தம் இல்லை, கோர்ட்டிலும் இதையேதான் சொன்னேன்.

சத்தம் கேட்டு எடைப்பயிற்சி அறையிலிருந்து கிம்பர் பையன்கள் வந்தார்கள், முப்பது பேர் இருக்கும். கஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

ரக்கர் மூச்சு வாங்கினான். ஆர்டிஸைப் பார்த்து, "நல்லாருக்கேன்னு அவனேதான் சொன்னான்! என்ன எதுக்கு இப்படி வதைக்கற?" என்று கத்தினான்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள் ஆர்டிஸ், நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. "அது உனக்கும் தெரியும்."

ஒன்றேகாலுக்கு நடுவர் ஆட்டத்தை ரத்து செய்து எதிரணி ஜெயித்ததாக அறிவித்தார். கஸ் நாலு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஆட்டம் நடந்திருந்தால் நாலு மணிக்குத்தான் முடிந்திருக்கும் என்றான். பிறகு பூட்டைத் திறந்து, வந்து சேர்ந்த போலீஸ் ஷெரீப் முன்னால் அறுபத்தொரு ஹெல்மெட்டை எண்ணிக் கொடுத்தான். ஒன்றைக் கொடுக்கவில்லை, ஷெரீபும் அதைக் கேட்கவில்லை.

ஆர்டிஸுக்கு வேலை போயிற்று. திருட்டை ஒப்புக்கொண்டாள், நூறு மணி நேரம் ஊர்ச்சேவை என்று தீர்ப்பு வந்தது. இப்போது மாட்டுக் கொட்டில்காரர் ஒருவரிடம் மாடுகளுக்குக் காயம் தைக்கிறாள். "மாடு எவ்வளவோ மேல். எனக்கு ஒண்ணுமில்லன்னு பொய் சொல்லாது" என்கிறாள். எனக்கு ஆறு வாரம் வேலை இல்லை. வேறு யாரும் ஓட்ட வராததால் திரும்பக் கூப்பிட்டார்கள். ரக்கர் முதல் படியிலிருக்கிற ஒரு கல்லூரிக்குப் போய்விட்டான். ஏறத் தெரிந்தவன், எங்கிருந்தாலும் ஏறுவான். அவன் பெயரைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கை அரிக்கிறது.

நாங்கள் கடைசிப் படிக்கு இறக்கப்பட்டோம். அங்கே கிம்பர் இருந்தது.

அடுத்த வருஷ அக்டோபரில், மூன்று வருஷத்துக்குப் பிறகு, கிம்பர் ஆட்டம். அவர்கள் ஊரில். ஆர்டிஸ் டிக்கெட் வாங்கிக்கொண்டு மேல்வரிசையில் உட்கார்ந்தாள். ஐரீனும் வந்திருந்தாள், எதிர்ப்பக்கக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். பையன்கள் வழக்கம்போல் கடித்துக்கொண்டார்கள், எங்களுடைய ஒருத்தன் மூக்கு உடைந்தது, அவர்களுடைய ஒருத்தனுக்கு விரல் நழுவியது. அன்று எந்த ஹெல்மெட்டும் குறுக்கே போகவில்லை.

கூடத்தில் சில்லி பரிமாறினார்கள். கஸ் வந்தான், கோணல் மூக்கோடு, கையில் அந்த நாற்பத்துநாலாம் நம்பர் ஹெல்மெட்டோடு. உள்ளே சூடாக ஒரு பட்டை பன். நேராக ஐரீன் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போனான். கூடமே எழுந்து நின்றது.

"அம்மா" என்றான், "இத அன்னிக்கு நான் வாங்கியிருக்கணும். அந்தப் பக்கம் நான் நிக்கல. அவ எனக்குக் குடுக்கறதா நெனச்சுதான் குடுத்திருக்கா."

ஐரீன் ஹெல்மெட்டை மடியில் வைத்து, உள்ளே கையைவிட்டுப் பன்னை எடுத்தாள். பிறகு எழுந்து, மேஜைகளைச் சுற்றிக்கொண்டு ஆர்டிஸ் நின்ற இடத்துக்கு வந்தாள். பன்னை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை நீட்டினாள். "சாப்பிடுடி. ஆறிடும்" என்றாள்.

ஆர்டிஸ் அழுதுகொண்டே தின்றாள். நானும் அழுதேன், என் தங்கை புருஷன் அதைப் பார்த்துவிட்டான். அன்று நாங்கள் இருபத்தொன்றுக்கு மூன்று என்று தோற்றிருந்தோம்.